ஆர்எக்ஸ்-8 வாங்கியாச்சு, முதலில் எதில் கை வைப்பது?

வாவிக்கரை (கல்லடி):

எல்லாருக்கும் வணக்கம். 2004 மொடல் மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றைக் கொழும்பில் வாங்கி ஊருக்குக் கொண்டு வந்திருக்கிறேன். டைப் எஸ், ஆறு கியர் மெனுவல். சின்ன வயதிலிருந்தே ஆசைப்பட்ட கார். ஹபரணை, பொலன்னறுவை வழியாக ஓட்டி வந்தேன், பாதை முழுக்க நல்லாகத்தான் ஓடியது. வாழைச்சேனையில் பெற்றோல் அடித்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கொஞ்ச நேரம் சுத்தித்தான் பிடித்தது. பற்றரி பழசாக இருக்கலாம்.

கையில் கொஞ்சக் காசு மிச்சம் இருக்கிறது. சைலென்சர் மாற்றி, புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிட்டிக்கை எடுத்துவிட்டு, ஸ்பிரிங் போட்டுக் காரின் உயரத்தைக் குறைத்துப் பதிக்கலாம் என்று யோசனை. இந்தக் காரை வைத்திருக்கிற அண்ணன்மார் சொல்லுங்கள், எதை முதலில் செய்யலாம்? பெரும்பாலும் கல்லடிக்கும் டவுனுக்கும்தான் ஓட்டம்.

ஆரையம்பதிக்காரன்:

தம்பி, வாழ்த்துகள். நானும் இதே கார்தான் ஓட்டுகிறேன், அந்தச் சத்தத்துக்காகவே வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதினதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வாழைச்சேனை விஷயம். இஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகச் சுணங்கினால், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றுகிற இந்த ரோட்டரி இஞ்சினில் முதல் சந்தேகம் கொம்ப்ரெஷன் மேல்தான், அதாவது உள்ளே காற்றை அமுக்குகிற அழுத்தத்தின் மேல்தான் வரவேண்டும். பற்றரி, ஸ்டார்ட்டர் மோட்டார் பலவீனமாக இருந்தாலும் இப்படி ஆகும். அது எது என்று தெரியும் வரைக்கும் சைலென்சருக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

கொம்ப்ரெஷன் பார்க்க ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் வேண்டும். ஒரு ரோட்டருக்கு மூன்று பக்கம். சாதாரண கேஜ் அதில் கூடின ஒன்றைத்தான் காட்டும், மற்ற இரண்டும் செத்திருந்தாலும் தெரியாது. மஸ்டா சொல்கிற கணக்கு, நிமிடத்துக்கு 250 சுற்றில் புது இஞ்சினுக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோ, ஆகக் குறைந்தது 6.9. ரோட்டர் இரண்டு இருப்பதால் ஆறு இலக்கமும் வேண்டும். ரோட்டரி வேலை செய்கிற இடத்தில்தான் பார்க்க வேண்டும், அதற்காகக் கொழும்புக்குத் திரும்பப் போக வேண்டி வந்தாலும் போங்கள்.

அடுத்தது பிளக்குக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் கொயில், நாலு இருக்கிறது. கடைசியாக எப்போது மாற்றினது என்று பழைய சொந்தக்காரருக்குத் தெரியாவிட்டால், கொயில், பிளக், வயர் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். இந்தக் காரை அதிகம் கொல்வது இந்தக் கொயில்தான். பொறி பலவீனமானால் எரியாத பெற்றோல் கேட்டலிட்டிக்குக்குள் போய் அங்கே எரியும். அது உருகி அடைபடும். புகை வெளியே போக வழியில்லாமல் சூடு இஞ்சினுக்கே திரும்பும், அப்புறம் ரோட்டரின் ஓரத்தில் காற்றை அடைத்து வைக்கிற சீல் போகும். அதனால் கேட்டலிட்டிக்கை வெட்டி எடுக்கிற யோசனையை விட்டுவிட்டு, அது அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிளக் மாற்றும்போது மேலே உள்ளதும் கீழே உள்ளதும் வேறு வேறு சாமான், மாறிப் போடவே கூடாது. கீழே போடுவதில் எல், மேலே போடுவதில் டி என்று அதிலேயே அடித்திருக்கும்.

ஒயில் விஷயம் தெரிந்திருக்கும். இந்த இஞ்சின் சீலுக்காகத் தானே கொஞ்சம் ஒயிலை எடுத்து எரிக்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பெற்றோல் அடிக்கிற ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

இனி உங்கள் ஓட்டம். கல்லடியில் இருந்து பாலம் தாண்டி டவுன் வரைக்கும் என்றால் இஞ்சின் சூடாகவே நேரம் காணாது. அதே போல, கழுவுவதற்காக போர்ட்டிக்கோவில் இருந்து முற்றத்துக்கு எடுத்துவிட்டு உடனே நிறுத்துவது இந்தக் காரில் கூடாத வேலை. உள்ளே பெற்றோல் தேங்கி, அடுத்த நாள் ஸ்டார்ட் ஆகாது. அப்படி ஆனால் எக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு சுத்துங்கள், பெற்றோல் வருவது நிற்கும், தேங்கினது வெளியேறும். டவுனுக்குப் போகிற நாளில் அப்படியே செங்கலடி வரை ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வாருங்கள். காருக்கும் நல்லது, உங்களுக்கும் சந்தோஷம்.

அக்கரைப்பற்று_ரோட்டரி:

தம்பி, ஆரையம்பதிக் காக்கா (அண்ணன்) சொன்னது அத்தனையும் சரி. நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, கடல் காற்று. டைப் எஸ்ஸில் முன் பம்பருக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் ஒயில் கூலர் இருக்கிறது. அலுமினியம். உப்பு படிந்து, குழாய் பூட்டுகிற இடத்தில் அரித்து ஒழுகும். கீழே படுத்து ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் இப்போதே செய்துவிடுங்கள். கல்லடி பீச்சுக்குப் போனால் வீட்டுக்கு வந்து கீழ்ப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள். காரைப் பதித்தால் இந்தக் கூலர்தான் முதலில் வேகத்தடையில் இடிபடும், அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் காயப்போடுகிற நெல்லுக்கு ஒதுங்கிப் போகவும் ஏலாது.

இரண்டு, டாஷ்போர்டில் இஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள். அது நடுவில் நிற்பதை நம்ப வேண்டாம், நிறையச் சூடான பிறகுதான் அசையும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி சாக்கெட்டில் சொருகுகிற சின்ன ரீடர் ஒன்று வாங்கி, போனில் உண்மையான டிகிரியைப் பாருங்கள். என்னைக் கேட்டால் உங்கள் முதல் அப்கிரேட் அதுதான்.

கேட்டலிட்டிக் இல்லாமல் புகைப் பரிசோதனையும் பாஸாகாமல் போகலாம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகன வரிப்பத்திரம் புதுப்பிக்க முடியாதே.

வாவிக்கரை:

அண்ணன், காக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. டயரில் 0916 என்று அடித்திருக்கிறது, பள்ளம் நல்லா இருக்கிறது. அதை விடலாமா?

ஆரையம்பதிக்காரன்:

விடக் கூடாது. அது 2016 ஒன்பதாம் கிழமை செய்த டயர். பள்ளம் இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். மாரி மழைக்கு முன்னால் நாலும் மாற்றுங்கள், 18 அங்குல ரிம் என்றால் 225/45. அதோடு பிரேக் ஒயிலையும் மாற்றிவிடுங்கள், அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும்.

கொம்ப்ரெஷன் டெஸ்டுக்குப் போகும் முன்னால் பற்றரியை முழுசாகச் சார்ஜ் ஏற்றுங்கள். மெதுவாகச் சுத்தினால் இலக்கமும் குறைத்தே காட்டும். ஆறு இலக்கத்தோடு எத்தனை சுற்றில் எடுத்தது என்பதையும் எழுதி வாங்கி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.