வேலூரில் தெருவைத் தோண்ட வந்தபோது: பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய் அனுபவங்களைப் பகிருங்கள்

சத்துவாச்சாரி வாசி:

பகுதி சபை என்பது வார்டின் ஒரு பகுதி மக்களைக் கூட்டிப் பேசும் கூட்டம். எங்கள் கூட்டத்தில் பாதாளச் சாக்கடை வரைபடத்தை மேசைமேல் விரித்தார்கள். பொறியாளர் இளைஞர். பிரதானக் குழாய் எது, கிளைக் குழாய் எது என்று பொறுமையாகத்தான் விளக்கினார். கடைசியில் "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்றதும், பின்வரிசையில் பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆயா எழுந்தார்.

"இதெல்லாம் எங்கே போய் விழும், தம்பி?"

"சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், ஆயா."

"அங்கிருந்து?"

"சுத்தம் செய்த பிறகு பாலாற்றுக்கு."

"ஆற்றில்தானே நமக்குக் குடிநீர்க் கிணறும் இருக்கிறது?"

யாரும் வாய் திறக்கவில்லை. பொறியாளர் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். கிணறு நீரோட்டத்துக்கு மேல்புறமா கீழ்புறமா, சுத்திகரித்த நீரை யார் சோதிக்கிறார்கள், மேட்டூரிலிருந்து காவிரி நீர் வந்த பிறகு பாலாற்றுக் கிணறுகளை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் தெருவில் ஒரே பேச்சு: "சாக்கடையைக் குடிக்க வைக்கப் போகிறார்கள்." அந்தப் பேச்சை இன்று வரை யாராலும் மாற்ற முடியவில்லை.

கொசப்பேட்டை:

ஆற்றைப் பற்றிய கேள்வியெல்லாம் பிறகு. எங்களுக்கு எந்தத் தேதியில் தோண்டுவார்கள் என்பதே தெரியாது. எங்கள் நைனாவுக்கு வாரத்தில் இரண்டு முறை டயாலிசிஸ். விடியற்காலையில் கதவைத் திறந்தால் வாசற்படி இல்லை, ஆள் உயரப் பள்ளம். ஆட்டோ தெருமுனையில் நிற்கிறது. நைனா நாற்காலியில் உட்கார்ந்து பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

பள்ளத்துக்குள் நின்ற தொழிலாளிக்குத் தமிழ் தெரியாது. கையால் காட்டினேன். அவரும் கூட இருந்தவரும் பலகையைக் கொண்டுவந்து போட்டு, நாற்காலியோடு நைனாவைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் தெருவிலேயே இல்லை.

2022-இல் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளோடு சேர்த்து சிமெண்டு சாலை போட்ட படம் நம் வேலூரிலிருந்துதான் நாடெங்கும் போனது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லாத வேலை அப்படித்தான் முடியும். முந்தைய நாள் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தால் நைனாவை உறவினர் வீட்டில் தங்க வைத்திருப்போம். எங்கள் தெருவே இந்தத் திட்டத்துக்கு எதிராகத் திரும்பியது அன்றுதான்.

காட்பாடி காந்தி நகர்:

சத்துவாச்சாரி நண்பர் அதிகாரியை மட்டும் குறை சொல்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை. கூட்டத்துக்குப் படித்தவர்கள் எத்தனை பேர் போனீர்கள்? பூக்காரப் பெரியம்மா கேட்ட கேள்வியை நீங்கள் ஏன் தொடர்ந்து கேட்கவில்லை?

நான் 1990-களின் பிற்பகுதியில் சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் குடியிருந்தேன். அப்போது அது தனி நகராட்சி. தெருத்தெருவாகக் குடியிருப்போர் நலச் சங்கத்தார் வந்து, பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டார்கள். அந்தக் காலத்து 5,000. பக்கத்து வீட்டு அம்மாள் ரசீதைக் கையில் வாங்கி, நகராட்சி முத்திரை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகுதான் பணத்தை நீட்டினார். வாங்க வந்தவர் கோபப்படவில்லை. "நன்றாகப் பாருங்கள், மாமி" என்று நின்றார். எனக்கு நினைவிருப்பது அவர் அப்படி நின்றதுதான்.

ஆயிரக்கணக்கான வீடுகள் குழாய் பதிப்பதற்கு முன்பே பணம் கட்டின. நகராட்சித் தலைவராக இருந்த ஆர். எஸ். பாரதி இதற்கு முன்னின்றார். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் முதலீட்டில் கட்டினார்கள். கட்டியவர்களே சில ஆண்டுகள் நடத்தி, பிறகு நகராட்சியிடம் ஒப்படைப்பது ஏற்பாடு. மாதக் கட்டணமும் உண்டு. இந்தியா முழுவதும் நகராட்சி நிதி பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த ஊரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

வேலூரில் செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வசூலாகும் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு கேளுங்கள், மாதந்தோறும் இருப்பைத் தெருமுனைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சாலையை யார் போடுவார்கள், எப்போது போடுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சாலை திரும்ப வரும் என்ற நம்பிக்கை இல்லாமல்தான் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். சிறிய வேலைகளுக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தருகிறது. கட்டணம் கட்டுகிறவனுக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமை தோன்றுகிறது என்பது என் உறுதியான கருத்து.

கன்சால்பேட்டை:

காந்தி நகர் ஐயா, கடைசி வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். 5,000 கட்ட முடியாதவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாதா?

நிக்கல்சன் கால்வாய் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. 2021 நவம்பர் மழையில் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததைப் பார்த்தீர்கள். எங்களுக்கு வாசல் வழியாக வரவில்லை. முதலில் கழிப்பறைப் பீங்கான் குமிழியிட்டது. பிறகு கருநிறத் தண்ணீர் அது வழியாகவே மேலே ஏறி வந்தது. என் மகள் மணலை ஒரு பையில் நிரப்பி அதன்மேல் போட்டு, அந்தப் பையின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள்.

எங்களுக்குத் திட்டம் வேண்டும், மிகவும் வேண்டும். ஆனால் நாங்கள் வாடகைக்குடி. கழிப்பறை வீட்டின் பின்பக்கம், குழாய் வாசல் பக்கம். இணைக்க வேண்டுமானால் கூடத்துத் தரையை உடைத்துக் குழாய் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்காரர் முடியாது என்கிறார். பிரதானக் குழாய்க்கு வரும் அரசுப் பணம் எங்கள் கூடத்துத் தரைக்கு வராது. தெருவில் குழாய் இருக்கிறது, வீட்டில் இணைப்பு இல்லை. எங்கள் வரிசையில் பாதி வீடுகள் இப்படித்தான். மக்கள் ஆதரவு தரவில்லை என்று எழுதுகிறவர்கள் அந்தப் பாதி வீடுகளுக்கு ஒரு முறை வந்து பேசட்டும்.

தொரப்பாடி, குழாய்ப் பணியாளர்:

நான் இரண்டு பக்கமும் பார்த்தவன். ஒரு வீட்டில் குழந்தைகளுக்கு விடாத வயிற்றுப்போக்கு. தெருக்குழாயைத் தோண்டிப் பார்த்தால் பழைய இரும்புக் குழாய் சாக்கடைக் கால்வாயின் உள்ளேயே போகிறது, துரு அரித்து விரல் நுழையும் ஓட்டை. அந்த அம்மாள் ஓட்டையைப் பார்த்துவிட்டு, "இதிலா சோறு வடித்தேன்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இது ஏன் நடக்கிறது என்று எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு நாள் முழுவதும் தண்ணீர் வருவதில்லை. விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். வெளியே சாக்கடை நின்றால் ஓட்டை வழியே அது உள்ளே போகும். வீட்டில் மோட்டாரை நேரடியாகக் குழாயில் மாட்டி உறிஞ்சினால் இன்னும் வேகமாகப் போகும். ஆகவே தண்ணீர் வந்ததும் முதலில் வருவதைப் பிடிக்காதீர்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். சோதனைக் குப்பியில் மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும், வராவிட்டால் உடனே புகார் கொடுங்கள்.

இன்னொன்று. மொட்டைமாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் விடாதீர்கள். அந்தக் குழாய் வீட்டுக் கழிவுநீருக்கு மட்டும் கணக்கிட்டுப் பதித்தது. பத்து வீடு மழைநீரை விட்டால் பள்ளத்தில் இருக்கும் பதினோராவது வீட்டுக் கழிப்பறை வழியே அது வெளியே வரும். கன்சால்பேட்டை அண்ணா சொன்னதில் கால்வாய் வெள்ளம் பெரிய காரணம். ஆனால் மேட்டுத் தெருக்களில் இந்தத் தவறும் நடக்கிறது, நானே நிறைய பார்த்திருக்கிறேன். கழிவுநீர் தானாகச் சரிவில் ஓட வேண்டும். வேகம் குறைந்தால் மண் தங்கி அடைத்துக்கொள்ளும். சமையலறை எண்ணெய், துணி, நாப்கின் எதையும் உள்ளே போடக் கூடாது.

சைதாப்பேட்டை, மகளிர் குழு:

குழாய்ப் பணியாளர் அண்ணா அடைப்பு என்றதும் நினைவு வருகிறது. எங்கள் தெருவின் சாக்கடைத் தொட்டி நிரம்பி வழிந்தபோது வீட்டுக்காரர் ஒருவர் தனியாரை அழைத்திருந்தார். வந்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். சட்டையைக் கழற்றி மடித்து எங்கள் திண்ணையில் வைத்துவிட்டு மூடியைத் திறந்தான். நாங்கள் நான்கைந்து பெண்கள் மூடியைச் சுற்றி நின்றுகொண்டோம். "அக்கா, விடுங்கள், கூலி போய்விடும்" என்றான்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது குற்றம். சாக்கடைக்குள் இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைச் சொன்ன பிறகுதான் வீட்டுக்காரர் மனம் மாறினார். கூலியை வாங்கிக் கொடுத்து அனுப்பினோம், உறிஞ்சு லாரி மறுநாள் வந்தது. அதன் பிறகு புதிய குழாய்க்குக் கையெழுத்து கேட்டு வந்தவர்களிடம் எங்கள் குழு ஒரே நிபந்தனை வைத்தது: அடைப்பு எடுக்க இயந்திரம் எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதை எழுதித் தாருங்கள், தெருவே கையெழுத்துப் போடும். கையால் எழுதித் தந்தார்கள், நாங்களும் போட்டோம். உங்கள் வார்டுகளில் இப்படி யாராவது எழுதி வாங்கியிருக்கிறீர்களா? எத்தனை மணி நேரம் என்று போட்டுத் தந்தார்கள்?