அமெரிக்க டிவிடி ஓடவில்லை, வேலூரில் வழி உண்டா?

போன மாதம் மாமா அமெரிக்காவிலிருந்து ‘பியாண்ட் தி மேட்’ டிவிடி கொண்டுவந்தார். ரெஸ்லிங் வீரர்களின் வாழ்க்கை பற்றி 1999-ல் வந்த ஆவணப்படம். மிக் ஃபோலி நாற்காலியால் அடிமேல் அடி வாங்க, ரிங் ஓரத்தில் அவர் பிள்ளைகள் கதறுவார்களே, அதுதான். ‘எல்லாம் நடிப்புடா’ என்கிற அப்பாவுக்குப் போட்டுக் காட்டத்தான் இந்தப் பாடு.

டிவிடிக்கு உலகப் பகுதிவாரியாக ‘ரீஜன்’ என்று ஓர் எண் உண்டு, டிஸ்க்கும் பிளேயரும் அதில் ஒத்துப்போனால்தான் ஓடும். இந்த டிஸ்க் ரீஜன் 1, இங்கே வாங்கிய பிளேயர் ரீஜன் 5. உள்ளே போனதும் கொஞ்சம் சுற்றுகிறது, அப்புறம் ‘ரீஜன் தவறு’ என்று காட்டி நின்றுவிடுகிறது. துடைத்தாச்சு, ரீஜனை மாற்ற நெட்டில் கிடைத்த ரகசிய எண்களையும் ரிமோட்டில் அழுத்தியாச்சு. லேப்டாப் டிரைவில் ரீஜனை 5 தடவைதான் மாற்ற முடியும். செகண்ட் ஹேண்ட் லேப்டாப், முன்பு வைத்திருந்தவரே அந்த 5 தடவையையும் மாற்றி முடித்துவிட்டார். லாங் பஜார் பக்கம் கேட்டால், ‘இப்போ யார் சார் டிவிடி பார்க்கிறாங்க?’ என்று சிரிக்கிறார்கள்.

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் பிளேயரின் ரீஜன் லாக்கை எடுத்துத் தரும் மெக்கானிக் யாராவது இருக்கிறாரா?