மறுமொழி: தேர்த் திருவிழாக் காணொளிக்கு வீட்டுக்கு 50 பவுண்

சங்க உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊர்த் தேர்க் காணொளியைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஓட்டப் பெரிய வழங்கி (கோப்புகளை வைத்திருந்து பார்ப்பவருக்கு அனுப்பும் கணினி) எடுப்பதற்காக வீட்டுக்கு 50 பவுண் கேட்டுச் செயலாளர் அண்ணா அனுப்பிய மடலைப் படித்தேன். காசு தர எனக்கு மறுப்பில்லை, ஆனால் எதற்குத் தருகிறோம் என்பது தெரிய வேண்டும்.

ஊருக்குப் போயிருக்கும் என் தங்கை, சித்தியின் கைபேசியில் தேர்க் காணொளி நின்று நின்று ஓடியதாகவும், சித்தி பொறுமையிழந்து அடுப்படிக்குப் போய்விட்டதாகவும் சொன்னாள். வழங்கியைப் பெரிதாக்கினாலும் அது தீராது. மூன்று மணி நேரத் தேரை ஒரே தரத்தில், ஒரே கோப்பாக ஏற்றியிருக்கிறோம். இணைப்பு மெதுவான இடத்தில் அதைவிடக் குறைந்த தரத்துக்கு இறங்க வழியில்லை. ஐபோனில் எடுத்த பகுதிகளை, பெரும்பாலான கருவிகளில் ஓடும் எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறைக்கு மாற்றாமல், அதைவிடப் புதிய எச்.இ.வி.சி. முறையிலேயே விட்டிருப்பதால், சிலருடைய பழைய கணினிகளில் ஒலி மட்டும் கேட்கிறது.

செலவையும் பார்ப்போம். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் ஓடும் காணொளி மணிக்கு 2.25 ஜிகாபைட் ஆகும். அந்த மூன்று மணி நேரத்தையும் 200 வீட்டார் முழுவதுமாகப் பார்த்தால், ஏறத்தாழ 1,350 ஜிகாபைட் நம் வழங்கியிலிருந்து வெளியேற வேண்டும். ஒரு தேருக்கே இவ்வளவு. யூடியூபில் ஏற்றி நம் பக்கத்தில் பதித்தால் கட்டணமில்லை. பார்ப்பவரின் இணைப்புக்கு ஏற்பத் தரத்தையும் அதுவே கூட்டிக் குறைக்கும்.

நம் அம்மன் தேர் பிறத்தியான் தளத்தில் விளம்பரத்தோடு ஓடுவதா என்று கனடாக் கிளை மாமா கேட்டிருக்கிறார். விளம்பரம் வரக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் வாசிகசாலைக் கூரைக்கும் ஊர் மானத்தைச் சொல்லித்தான் காசு சேர்த்தோம். அதன் பற்றுச்சீட்டை இன்றுவரை ஒருவரும் காட்டவில்லை.

உண்மையான சிக்கல் வேறு. பூசைக்கு முன் ஒலிபெருக்கியில் போட்ட பக்திப் பாடல்களை யூடியூப் தானாகவே அடையாளம் கண்டால், உரிமையாளர் காணொளியை முடக்கலாம், அல்லது விளம்பர வருவாயைத் தாம் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அந்த இடங்களில் ஒலியை நீக்கிவிட்டு ஏற்ற வேண்டும். தேடலில் வராதபடி வைத்தாலும், சுட்டி கிடைத்தவர் எவரும் பார்க்கலாம் என்பதால், பிள்ளைகளின் நடனங்களை அங்கே போடக்கூடாது. அவற்றுக்கு மட்டும், குறித்த தளத்தில் மாத்திரமே ஓடும்படி கட்டுப்படுத்த வசதியுள்ள விமியோ என்ற காணொளித் தளத்தின் கட்டணக் கணக்கை எடுப்பதென்றால் என் பங்கை உடனே தருகிறேன்.

மூலக் கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றை லண்டனிலும் மற்றதை ஊரிலும் வையுங்கள். இப்போதைய வழங்கிக்குக் கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டுகளை அடுத்த கூட்டத்துக்கு முன் பொருளாளர் இங்கே அனுப்ப வேண்டும். அவற்றைப் பார்க்கும்வரை எங்கள் வீட்டு 50 பவுண் வராது.