மறுமொழி: நியூக்ளியேஷன் – உட்கருவாக்கமா, கருக்கொள்ளலா?

அன்புடையீர்,

ஆவி நீர்மமாகும்போதோ நீர்மம் உறையும்போதோ புதிய நிலையின் முதல் நுண்துளி அல்லது நுண்படிகம் தோன்றுவதே நியூக்ளியேஷன் (nucleation). அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த 'உட்கருவாக்கம்' எனக்கு ஒப்பவில்லை. உட்கரு என்றதும் மாணவருக்கு உயிரணுதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் 'ஆக்கம்'. இங்கே யாரும் எதையும் ஆக்குவதில்லை.

மீதெவிட்டிய (தெவிட்டும் அளவையும் மிஞ்சிச் செறிந்த) நீராவியில் மூலக்கூறுகள் மோதி ஒட்டுகின்றன, ஒட்டிய வேகத்தில் கழன்றும் போகின்றன. ஐந்து சேரும், மூன்று கழலும், மறுபடி இரண்டு சேரும். புதிய பரப்புக்குச் செலவாகும் ஆற்றல் ஆரத்தின் இருமடிக்கேற்ப (r²) கூடும். நீர்மமாவதால் கிடைக்கும் ஆதாயம் மும்மடிக்கேற்ப (r³) கூடும். அதனால் சிறிய அளவில் செலவுதான் மிஞ்சும். 0 டிகிரி செல்சியசில், தெவிட்டுநிலையைப் போல 4 மடங்கு ஆவியழுத்தம் இருந்தால், செவ்வியல் கோட்பாட்டின்படி சுமார் 90 மூலக்கூறுகள் சேரும்போதுதான் இந்த ஆற்றல் தடையின் உச்சி வந்து கணக்கு திரும்புகிறது. ஆரம் அப்போதும் 1 நானோமீட்டரை எட்டியிருக்காது. அந்த அளவை எட்டாதவற்றில் பெரும்பாலானவை உதிர்ந்து ஆவியோடு கலந்துவிடும். அவற்றையும் 'கரு' என்பது எப்படிச் சரியாகும்?

எனவே என் பரிந்துரை: தடையைத் தாண்டாதது 'திரள்', உச்சியில் நிற்பது 'மாறுநிலைத் திரள்', தாண்டி வளர்வது 'கரு'. நிகழ்வு 'கருக்கொள்ளல்'. "ஆவி கருக்கொள்கிறது" என்று இயல்பாகச் சொல்லலாம், 'கருக்கொள் வீதம்' என்று அளவையும் குறிக்கலாம். 'கருக்கட்டல்' இன்னும் அழகுதான், ஆனால் இலங்கைப் பாடநூல்களில் அது கருவுறுதலுக்கு நிலைத்துவிட்டது. 'திரள்' என்பதற்குப் பதிலாகக் 'கொத்து' வேண்டாம். திரள் தானாகத் திரளும், கொத்துக்கு அந்த வினை இல்லை.

அப்புறம் கணிப்பு மாதிரிகள். இயற்பியலர்கள் பெக்கர், டோரிங் இருவரும் 1935இல் தந்த வழியில், திரள் ஒரு மூலக்கூறைப் பெற்று ஒரு படி ஏறும், ஒன்றை இழந்து ஒரு படி இறங்கும். ஒவ்வொரு படிக்கும் இரண்டு வீதங்கள் தேவை. 'இணைவு', 'சிதைவு' இரண்டையும் அணுக்கரு இயற்பியல் எடுத்துக்கொண்டது. 'ஒட்டுவீதம்', 'கழல்வீதம்' என்றால் குழப்பமே இல்லை, படித்தவுடன் காட்சியும் புரியும்.

'பலபடித்தான' (heterogeneous) என்ற அடைமொழியும் இங்கே பொருந்தாது. கலவைக்கு அது சரி. நாம் பேசுவது தூசி போன்ற வேற்றுப் பொருளின் பரப்பைப் பற்றி. தூய நீரின் நுண்துளிகள் ஏறத்தாழ −38 டிகிரி வரை உறையாமல் தாக்குப்பிடிக்கும். தூசி இருந்தால் அதற்கு வெகு முன்பே உறையும். 'அயற்பரப்புக் கருக்கொள்ளல்' என்போம்.

---

ஐயா, உங்கள் மறுமொழியில் ஒட்டுவீதமும் கழல்வீதமும் அருமை, நான் இன்றிலிருந்தே எழுதப்போகிறேன். ஒரு இடத்தில் மட்டும் இடிக்கிறது. சில புரதக் கரைசல்களில் முதலில் அடர்ந்த நீர்மத்துளி உண்டாகி, அதற்குள்தான் படிகம் தொடங்குகிறது. அந்தத் துளி தடையைத் தாண்டிவிட்டது, ஆனால் படிகமில்லை. உங்கள் வரையறைப்படி அது கருவா, திரளா? 'முன்கரு' என்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாமா?