ஆலோசனைக்கு வந்தவர் முன்னால் அழுதுவிட்டேன்

பாம்பன்காரி:

உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, மண்டபம் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் மீனவக் குடும்பத்துப் பெண்கள். போன வாரம் நடந்ததை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மா. கணவர் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் சிறையில் இருக்கிறார். மூன்று வாரமாக வருகிறார். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. உட்கார்ந்ததும் கணக்குதான்: விசைப்படகு உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம், நகைக்கடன் வட்டி, மகனின் கல்லூரிக் கட்டணம். அன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென நிறுத்தி, "அவர் சாரத்தைத் துவைத்துக் கொடியில் போட்டேன். காய்ந்துவிட்டது. மடிக்கவில்லை" என்றார். பிறகு பேச்சே இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

என்னால் தாங்க முடியவில்லை. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது என் அப்பாவும் இப்படிப் பிடிபட்டு, நாற்பது நாள் கழித்துத்தான் வந்தார். "எனக்கும் தெரியும் அம்மா, எங்கள் அப்பாவும்..." என்று தொடங்கியவள் முழுக் கதையையும் சொல்லி அழுதுவிட்டேன். அவர் எழுந்து வந்து, "அழாதே தாயி, உன் அப்பாதான் வந்துவிட்டாரே" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். மீதி நேரம் முழுவதும் என்னைத் தேற்றினார். போகும்போது, சாப்பிட்டாயா என்று வேறு கேட்டார்.

மேற்பார்வை பார்க்கும் மேடம், "உணர்ச்சியை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போ" என்கிறார். அது என்ன செருப்பா? ஒத்துணர்வு வேண்டும் என்றுதானே இரண்டு வருடம் படித்தேன்?

தங்கச்சிமடம் வாத்தியார்:

சாவு வீட்டுக்குப் போய் அழாமல் உட்கார்ந்திருப்பவரை நம் ஊரில் யார் மதிப்பார்கள்? நீங்கள் செய்ததில் தவறே இல்லை. புத்தகத்தை மூடி வையுங்கள்.

பரமக்குடிப் பெரியவர்:

வாத்தியார் ஐயா, சாவு வீட்டில் எல்லோரும் அழலாம். அங்கே யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இல்லை. இங்கே ஒருவர் பொறுப்பில் இருக்கிறார்.

மகளே, முப்பது வருடம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீ அழுதது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இடம் மாறியதுதான் விஷயம். அந்த அம்மா வீட்டில் எல்லோரையும் தேற்றுகிறவர். தேற்ற வேண்டாத ஒரே இடம் உன் அறை. அங்கேயும் அவருக்கு வேலை கொடுத்துவிட்டாய்.

உன் மேடம் சொல்வது, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு 1910இல் எழுதியதன் பக்கம். சிகிச்சை தருபவருக்குள் எழும் இந்த உணர்ச்சியை, 'கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்' என்பதை, அவர் கண்டுகொண்டு கடக்க வேண்டிய ஒன்றாகப் பார்த்தார். 1950இல் பவுலா ஹைமான் என்ற உளப்பகுப்பாய்வாளர் மாற்றிச் சொன்னார்: வந்தவரின் மனத்தை அறிய அதுவே ஒரு கருவி. ஆனால் அதை வந்தவரிடம் கொட்டுவது சரியல்ல என்றும் அவரே சொன்னார். பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இப்போது யோசி. அவர் அழவே இல்லை, நீ அழுதாய். எட்டாம் வகுப்புப் பெண்ணின் கண்ணீர் அதில் எவ்வளவு? அவர் வட்டிக் கணக்குக்கு அடியில் அமுக்கி வைத்திருந்தது எவ்வளவு? இரண்டும் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒவ்வொருவரும் போனபின் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, 'என்னுடையது', 'அவர் கொண்டுவந்தது' என்று இரண்டு பத்தி எழுதிப் பார்.

எனக்குக் கண்ணீர் வராது, கோபம்தான் வரும். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஏர்வாடிக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் ஒரு நாள், மகனைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்ததாகச் சொன்ன ஒரு தகப்பனாரிடம் எரிந்து விழுந்தேன். அவர் திரும்ப வரவில்லை. தன்மேல் அவருக்கே இருந்த கோபத்தைத்தான் என் வாயால் கேட்டுக்கொண்டு போனார் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

1957இல் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் ஒத்துணர்வை விளக்கும்போது, அடுத்தவர் உலகத்தை உன்னுடையது போல உணர வேண்டும், அந்தப் 'போல'வை மட்டும் தொலைத்துவிடக் கூடாது என்றார். அன்றைக்கு உன்னிடமிருந்து நழுவியது அந்த ஒரு சொல்.

பாசிக்காரி:

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவள். கடலில் முங்கிப் பாசி எடுக்கிறேன். மகன் போன பிறகு யாரிடமும் பேசாமல் இருந்தேன். தங்கை இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு வாய்த்த ஆலோசகருக்கும் கண் கலங்கியது. மறைக்கவில்லை, தன் கதையையும் சொல்லவில்லை. "நீங்கள் பேசுவதைக் கேட்கக் கேட்க எனக்கு மூச்சு முட்டுகிறது. உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். "ஆறு மாதமாகத் தண்ணீருக்கு அடியிலேயே இருக்கிறேன்" என்றேன். அன்றைக்குத்தான் அழுதேன். அவர் கதை என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெரியவரே, வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிடாதீர்கள்.

பரமக்குடிப் பெரியவர்:

ஒப்புக்கொள்கிறேன் தாயே. அந்த ஆலோசகர் கெட்டிக்காரர்.

பாம்பன்காரி:

இரண்டு பத்தியும் எழுதினேன். என்னுடையது ஒன்றரைப் பக்கம் வந்தது. அதை மேடத்திடம் அல்ல, அப்பாவிடம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த நாற்பது நாளைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசியதே இல்லை.

அந்த அம்மா இந்த வாரம் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டேன். மடிக்காத சாரம் இன்னும் என் நினைவில் இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "புதன்கிழமை வருகிறேன். ஆனால் இந்தத் தடவை நான்தான் பேசுவேன்" என்றார்.