சூ ஹால் ஆஃப் ஃபேம் ஆளா, வெறும் டர்ட்டி பிளேயரா?

நோவி_நாகு:
என்டாமுக்கன் சூ 2025 ஜூலைல ரிடயர்மென்ட் அறிவிச்சதுலேருந்து எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே அடிதடி, அதை அப்படியே இங்க கொண்டுவந்து கொட்டுறேன். தெரியாதவங்களுக்காக, இது அமெரிக்கன் ஃபுட்பால், NFL லீக். சூ நெப்ராஸ்கா காலேஜ்ல கொடிகட்டிப் பறந்த டிஃபென்சிவ் டேக்கிள் (டிஃபென்ஸ் வரிசை நடுவுல நிக்கிறவர்), 2010 டிராஃப்ட்ல (டீம்கள் முறை வச்சு புது ஆட்டக்காரங்களை எடுக்குறது) ரெண்டாவது ஆளா எங்க டெட்ராய்ட் லயன்ஸ் தூக்குச்சு, அப்புறம் மயாமி, ராம்ஸ், டாம்பா பே, கடைசியா ஈகிள்ஸ். 71.5 சேக் (பந்தை எறியுற குவார்டர்பேக்கை எறியறதுக்குள்ள கீழ சாய்க்கிறது), அஞ்சு ப்ரோ பவுல் (ஆல்-ஸ்டார் தேர்வு), ஒரு சூப்பர் பவுல் (லீக் ஃபைனல்) மோதிரம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கீழ கிடந்தவன் கையை மிதிச்சது, குவார்டர்பேக் ஹெல்மெட்டைப் புடிச்சு திருகினது, ஃபைன் மேல ஃபைன். 2028ல ஹால் ஆஃப் ஃபேம் (லெஜண்டுகளுக்கான கௌரவப் பட்டியல்) ஓட்டெடுப்புக்கு வருவார். உங்க கையில ஓட்டு இருந்தா போடுவீங்களா? நான் 2008ல 16க்கு 16 தோத்த லயன்ஸை உட்கார்ந்து பார்த்து நொந்தவன், எனக்கு இந்தாளு மேல பாசமும் உண்டு, வயித்தெரிச்சலும் உண்டு.

சீஸ்மண்டை:
நான் கிரீன் பே பேக்கர்ஸ் ஃபேன்னு பேர்லயே தெரியும் (எங்களை சீஸ்மண்டைன்னுதான் கூப்பிடுவாங்க), அதனால நடுநிலைன்னு நடிக்கப் போறதில்ல. 2011 தேங்க்ஸ்கிவிங். எவன் டீட்ரிக் ஸ்மித் எங்க லைன்மேன் (குவார்டர்பேக்கைக் காக்குற வரிசை ஆளு), பிளே முடிஞ்சு தரையில கிடக்கான். சூ அவன் தலையைப் புடிச்சு தரையில இடிக்கிறார், எழுந்திரிக்கிறார், அப்புறம் கையை ஒரே மிதி. நாடே வான்கோழி வெட்டிக்கிட்டு டிவி பாக்குற நாள்ல. ரெஃப்ரீ வெளிய அனுப்பிட்டார், லீக் ரெண்டு மேட்ச் சஸ்பெண்ட் பண்ணுச்சு, அப்பீல் போயும் எடுபடல. மேட்ச் முடிஞ்சு பிரஸ்கிட்ட என்ன சொன்னார்னா பேலன்ஸுக்காக காலை வச்சேன்னு. பேலன்ஸ்!! இதுக்கு மேல என்ன விவாதம் வேணும்?

லிங்கன்வாசி:
ஆரம்பிச்சுட்டாங்கய்யா. அந்த ஒரு மிதியை வச்சே 13 சீசனை எழுதி முடிச்சிடுவீங்க.

நான் 2009ல லிங்கன்ல எம்எஸ் படிச்சுக்கிட்டிருந்தேன். ஃபுட்பால்னா என்னன்னே தெரியாது, சனிக்கிழமை ஆனா ஊரே சிவப்பு சட்டை போட்டுக்கிட்டு மெமோரியல் ஸ்டேடியம் பக்கம் நடக்கும், நானும் ரூம்மேட்டுகளோட பின்னாடியே போவேன். அந்த டிசம்பர்ல பிக் 12 (காலேஜ் லீக்) ஃபைனல், டெக்சாஸ் கூட. அபார்ட்மென்ட்ல பழைய டிவி முன்னாடி ஏழு பேர், நடுவுல ஒரு குக்கர் சாம்பார் சாதம். அன்னிக்கு சூ பண்ணது என்னன்னா அவங்க குவார்டர்பேக் கோல்ட் மெக்காய நாலரை சேக், பன்னெண்டு டேக்கிள் (பந்தோட இருக்குறவனைப் புடிச்சு சாய்க்கிறது). ஒரு தடவை ஒரே கையில மெக்காயைப் புடிச்சு துணி உதறுற மாதிரி உதறி எறிஞ்சார், எங்க ரூம்ல ஒருத்தன் தட்டோட எழுந்து நின்னுட்டான். ஃபிளாக் (தப்புக்கு ரெஃப்ரீ எறியுற மஞ்சத் துணி) கிடையாது, பெனால்டி கிடையாது, சுத்தமான ஆட்டம். டைம் முடிஞ்சுதுன்னு நினைச்சோம், ஒரு செகண்டைத் திருப்பிப் போட்டாங்க, டெக்சாஸ் ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவுல உதைச்சு எடுக்குற மூணு பாயிண்ட்) அடிச்சு 13-12. தோத்த டீம்ல இருந்துக்கிட்டு அந்த மேட்சையே தன் பேர்ல எழுதிக்கிட்ட ஆளு. ஹைஸ்மன் (காலேஜ்ல சிறந்த ஆட்டக்காரர் விருது) ஓட்டுல நாலாவதா வந்தார், டிஃபென்சிவ் டேக்கிளுக்கு அதெல்லாம் நடக்கவே நடக்காத விஷயம். அந்த முரட்டுத்தனத்தைப் பார்த்துத்தானே லயன்ஸ் எடுத்தாங்க, எடுத்துட்டு அதே முரட்டுத்தனத்தைக் குத்தம் சொன்னா எப்படி.

சீஸ்மண்டை:
தல, காலேஜ் கதை நல்லாத்தான் இருக்கு, சாம்பார் சாதமும் நல்லாத்தான் இருந்திருக்கும். கேள்வி அது இல்ல. மெக்காயை எறிஞ்சது பிளே நடக்கும்போது, டீட்ரிக் ஸ்மித்தை மிதிச்சது பிளே முடிஞ்சப்புறம். ரெண்டையும் ஒரே முரட்டுத்தனம்னு ஒரே சட்டியில போட்டு வதக்காதீங்க.

நோவி_நாகு:
இங்கதான் லயன்ஸ் காரனா நான் ஒண்ணு சொல்லணும். அந்த மிதியைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, அது எந்த நேரத்துல நடந்துச்சுன்னு யாரும் பேசுறதில்ல. மூணாவது குவார்டர், நாங்க 7-0 பின்னாடி, பேக்கர்ஸ் எங்க கோல் லைன் பக்கத்துல மூணாவது டவுன் (நாலு முயற்சியில மூணாவது), அதை எங்க டிஃபென்ஸ் நிறுத்திடுச்சு. ஃபீல்டு கோலோட போயிருக்கும். இவர் மிதிச்சார், பெனால்டி, புதுசா ஃபர்ஸ்ட் டவுன், அடுத்தாப்ல டச்டவுன் (பந்தை எண்ட் ஸோனுக்குள்ள கொண்டுபோய் எடுக்குற ஆறு பாயிண்ட்), அதுக்கப்புறம் உதைக்கு ஒரு பாயிண்ட், 14-0. கடைசியில 27-15 தோத்தோம். மிதி வாங்கினவன் கை சரியாயிடுச்சு, எங்களுக்குத்தான் ஆறல.

இன்னொண்ணு, 2013 முதல் வாரம் வைக்கிங்ஸ் மேட்ச். எங்க டிஆண்ட்ரே லீவி அவங்க எறிஞ்ச பந்தைப் புடிச்சு (இன்டர்செப்ஷன்) நேரா எண்ட் ஸோன் வரைக்கும் ஓடிட்டார், ஸ்டேடியம் அதிருது, பார்த்தா மஞ்சத் துணி கிடக்கு. சூ அவங்க சென்டர் ஜான் சல்லிவனை முட்டிப் பக்கம் அடிச்சிருக்கார், அதுவும் பந்துக்கு சம்பந்தமே இல்லாத இடத்துல. டச்டவுன் போச்சு. அதுக்கு லீக் போட்டது 1,00,000 டாலர் ஃபைன், ஆட்டக்களத்துல நடந்த ஒரு தப்புக்கு அதுவரைக்கும் அவ்ளோ பெரிய ஃபைன் யாருக்கும் போட்டதில்ல. ஃபைன் அவர் பாக்கெட்டுலேருந்து போச்சு, ஆறு பாயிண்ட் எங்க பாக்கெட்டுலேருந்து.

கதிர்அப்பா:
சல்லிவன் பேச்சு வந்ததால உள்ள வர்றேன். என் பையன் ஸ்கூல் டீம்ல சென்டர். பந்தை ரெண்டு காலுக்கு நடுவுல பின்னாடி கொடுத்துட்டு தலையைத் தூக்குறதுக்குள்ள எதிர்ல நிக்கிறவன் நெஞ்சுல வந்து விழுவான், அதுதான் அவன் வேலை. ரெண்டு முட்டியிலயும் பிரேஸ் போட்டுத்தான் இறங்குவான், மேட்ச் முடிஞ்சு அதைக் கழட்டும்போது பட்டை பட்டையா சிவந்திருக்கும், அவங்க அம்மா பாக்க மாட்டா, நான்தான் ஐஸ் வைப்பேன். அந்த சல்லிவன் கிளிப்பை அவன்கிட்ட காட்டி பாருடா இதுதான் உன் எதிரின்னேன். நாலு தடவை பின்னாடி ஓட்டிப் பார்த்துட்டு, "அப்பா, அடிச்சது தப்பில்ல, இன்டர்செப்ஷன் ஆனா பிளாக் பண்ணத்தான் செய்வாங்க. நெஞ்சுல அடிச்சிருந்தா யாரும் பேசியிருக்க மாட்டாங்க, கீழ வந்துட்டாரு, எனக்கு அது கண்ணுக்கே தெரிஞ்சிருக்காது"ன்னான். கண்ணுக்குத் தெரியாதுன்னு அவன் சொன்னதுதான் எனக்கு அன்னிக்கு ராத்திரி முழுக்க மண்டையில ஓடிக்கிட்டிருந்துச்சு.

லிங்கன்வாசி:
அண்ணா, சல்லிவன் விஷயத்துல நான் வக்காலத்து வாங்கல, அது தப்புதான், டீம் மீட்டிங்ல மன்னிப்புக் கேட்டதாவும் நியூஸ் வந்துச்சு. ஆனா லிஸ்ட் போடுறவங்க எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்ல போடுறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு எரியுது. 2010ல ஜே கட்லரை முதுகுல தள்ளினதுக்கு 15,000 டாலர் ஃபைன், ஃபிளாக் வேற. கட்லர் குவார்டர்பேக்தான், ஆனா பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டிருந்தார், ஓடுறவனைத் தள்ளக்கூடாதுன்னா உம்மா கொடுக்கணுமா? ரீப்ளேல ஹெல்மெட்டைத் தொடக்கூட இல்ல. இவர் உடம்பு 300 பவுண்டுக்கு மேல, தள்ளினா மத்தவன் பறக்கத்தான் செய்வான், பறந்ததைப் பார்த்து ஃபிளாக் போட்டாங்க. பேர் கெட்டுப்போச்சுன்னா அப்புறம் தும்மினாக்கூட பெனால்டி.

மாலதி_போர்ட்லேண்ட்:
லிங்கன்வாசி தம்பி, கட்லர் மேட்டர்ல நீங்க சொல்றது சரி. நான் போர்ட்லேண்ட்ல பிசியோ, சூ எங்க ஊர்ப் பையன் வேற, இங்க கிராண்ட் ஹைஸ்கூல். அப்பா காமரூன், அம்மா ஜமைக்கா. பேருக்கு அவங்க பாஷையில ஈட்டி வீடுன்னு அர்த்தமாம், பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க.

ஆனா 2014ல ப்ளேஆஃபுக்கு முந்தின கடைசி மேட்ச்சை யாரும் இன்னும் எடுக்கலயே. கிரீன் பேல பேக்கர்ஸ் குவார்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் கெண்டைக்கால்ல அடிபட்டு வெளிய போய்த் திரும்பி வந்து ஆடுறார். கீழ விழுந்து கிடக்கும்போது சூ முதுகைக் காட்டிக்கிட்டு பின்னாடி நடந்து வந்து அதே கால் மேல ஒரு தடவை, அப்புறம் இன்னொரு காலால இன்னொரு தடவை. லீக் ஒரு மேட்ச் சஸ்பெண்ட் பண்ணாங்க. அப்பீல்ல என்ன சொன்னாங்கன்னா குளிர்ல கால் மரத்துப்போச்சு, கீழ ஆள் கிடக்குறது தெரியல. சஸ்பென்ஷன் ரத்தாகி 70,000 டாலர் ஃபைனா மாறிடுச்சு, அடுத்த வாரம் டல்லாஸ் ப்ளேஆஃப்ல ஆடினார்.

என் தொழில்ல தெரிஞ்சதைச் சொல்றேன். குளிர்ல பாதம் மரத்துப்போறது நிஜம், தோல்ல உணர்ச்சி போயிடும். ஆனா நிக்கிற இடம் மேடா பள்ளமான்னு பாதத் தோல் மட்டும் சொல்றதில்லங்க, கணுக்கால், முட்டி, இடுப்பு எல்லாம் சேர்ந்து சொல்லும். மெத்தை மேல கண்ணை மூடி ஏறினாக்கூட உடம்பு தடுமாறி உடனே எடையை மாத்திக்கும். மனுஷன் கால் உருண்டை வேற, அது மேல எடையைப் போட்டா முதல் நொடியிலயே உடம்பு விலகப் பார்க்கும். ரெண்டாவது காலை வச்சு அழுத்தி உந்தினாரே, அதை மரத்துப்போன கணக்குல என்னால சேர்க்க முடியல. அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, முட்டிக்குத் தெரிஞ்சிருக்கும்.

சீஸ்மண்டை:
அக்கா!! இதை அந்த அப்பீல் ரூம்ல உங்களைக் கூப்பிட்டு சொல்ல வச்சிருக்கணும்.

லிங்கன்வாசி:
மாலதி அக்கா சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன், டர்ட்டி டர்ட்டிங்கிறீங்களே, 2006ல ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த் ஹெல்மெட் கழண்டு கிடந்த ஆந்த்ரே குரோட் மூஞ்சியில ஷூவால மிதிச்சு 30 தையல் போட வச்சார், அஞ்சு மேட்ச் சஸ்பென்ஷன். அதுதான் டர்ட்டி. டீக்கன் ஜோன்ஸ் எதிராளி தலையில பளார்னு அறைஞ்சே ஆடினவர், அந்த அறையையே பின்னாடி லீக் தடை பண்ணுச்சு, அவர் 1980லயே ஹால் ஆஃப் ஃபேம்ல. அறைஞ்சா லெஜண்ட், மிதிச்சா ரவுடியா?

சீஸ்மண்டை:
டீக்கன் அறைஞ்சப்போ ரூல்ல அறையலாம்னு இருந்துச்சு ப்ரோ. நீங்களே சொல்றீங்க, அப்புறம்தான் தடை பண்ணாங்கன்னு. சூ மிதிச்சப்போ மிதிக்கலாம்னு எந்த ரூல் இருந்துச்சு? அதுவும் 2011 நவம்பர் ஆரம்பத்துல இவரே கேட்டு நியூயார்க் போய் கமிஷனர் குடெல்லைப் பார்த்து எது ரூல் எது ரூல் இல்லைன்னு பேசிட்டு வந்தார். மூணு வாரம் கழிச்சு தேங்க்ஸ்கிவிங் மிதி. பரீட்சைக்கு முதல் நாள் டியூஷன் போயிட்டு பிட்டு அடிச்சு மாட்டின கதை. அடுத்த வருஷம் அதே தேங்க்ஸ்கிவிங்ல ஹூஸ்டன் குவார்டர்பேக் மேட் ஷாப்பை எங்க உதைச்சார்னு இங்க எழுத முடியாது, குடும்பஸ்தன் எல்லாம் படிக்கிறாங்க. அதுக்கு 30,000.

கதிர்அப்பா:
ஷாப் விஷயம் நான் பார்த்தேன், அவர் கீழ விழுந்துக்கிட்டே கால் போகுது, வேணும்னே பண்ணாரான்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

நோவி_நாகு:
நான் ஒரு பக்கம் மட்டும் எழுதிட்டேன், அதையும் சரி பண்ணிடுறேன். அந்த ரெண்டு மேட்ச் சஸ்பென்ஷன்ல ஒண்ணு தோத்தோம் ஒண்ணு ஜெயிச்சோம். திரும்பி வந்த மேட்ச் ஓக்லண்ட் கூட, 28-27 முன்னாடி இருக்கோம், கடைசி நொடியில ரெய்டர்ஸ் கிக்கர் ஜானிகோவ்ஸ்கி 65 யார்டு ஃபீல்டு கோலுக்கு வர்றான், அந்தாளு காலுக்கு 65 எல்லாம் போகும்னு வயித்துல புளியைக் கரைக்குது. ஒரு கை மேல போகுது, பந்து தொப்புன்னு விழுது. சூ கை. அந்த வருஷம் 10 ஜெயிச்சு 6 தோத்தோம், 1999க்கு அப்புறம் முதல் தடவையா ப்ளேஆஃப். எங்க வீட்ல நான் கத்தின கத்துல மாடியில தூங்கின குழந்தை எழுந்திரிச்சு அழுதுச்சு, இப்போ அவனே சூ ஜெர்சி கேக்குறான். இந்தாளு இல்லாம லயன்ஸ் அந்தக் குழியிலேருந்து ஏறியிருக்காது. ஒவ்வொரு பிளேயும் ரெண்டு பேர் மேல விழுந்து புடிப்பாங்க, காலை வாருவாங்க, ஹோல்டிங் பண்ணுவாங்க, ரெஃப்ரீ பார்க்க மாட்டார், அப்படியும் காயத்தால ஒரு மேட்ச்கூட உட்காரல. கோவம் வராதா? வரும். ஆனா மத்த லைன்மேனுக்கும்தானே அதே அடி.

லிங்கன்வாசி:
லயன்ஸை விட்டப்புறம் அந்த மாதிரி எத்தனை கேஸ் ஞாபகம் வருது உங்களுக்கு? டாம்பாவுல 34 வயசுல சூப்பர் பவுல்ல சீஃப்ஸ் குவார்டர்பேக் மஹோம்ஸை ஒன்றரை சேக், 31-9. சீஃப்ஸுக்கு ஒரு டச்டவுன்கூட இல்ல. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி லாம்போல (பேக்கர்ஸ் ஸ்டேடியம்) வந்து யாரைத் தோக்கடிச்சாங்கன்னு சீஸ்மண்டைகிட்ட கேளுங்க.

சீஸ்மண்டை:
இது தேவையில்லாத ஆணி.

மாலதி_போர்ட்லேண்ட்:
வளர்ந்துட்டார்னு வச்சுக்கலாம். படிச்ச காலேஜுக்கு 26 லட்சம் டாலர் கொடுத்தவர், அதுல 6 லட்சம் இன்ஜினியரிங் பசங்க ஸ்காலர்ஷிப்புக்கு. கெட்ட மனுஷன்னு நான் சொல்லவே இல்ல. என் ஓட்டு உண்டு, ஆனா முதல் வருஷமே போட மாட்டேன். எப்படியும் 2028ல குவார்டர்பேக் டாம் பிரேடியும் வர்றார், ஒரு வருஷம் வரிசையில நிக்கட்டும்.

கதிர்அப்பா:
நானும் போடுவேன், பையன்கிட்ட சொல்லிடாதீங்க. அவன் இப்போ டிஃபென்ஸ்காரங்க கை எப்படி வைக்கிறாங்கன்னு கத்துக்க உட்கார்ந்து பார்க்குறது முழுக்க சூவோட நெப்ராஸ்கா வீடியோதான். முட்டி பிரேஸ் மட்டும் ரெண்டு செட் வாங்கி வச்சிருக்கேன்.

சீஸ்மண்டை:
என் ஓட்டு கிடையாது, கேட்டா விரல் மரத்துப்போச்சு, பட்டன் தெரியலன்னு சொல்லிக்கிறேன்.