பாளையத்தில் 60 ரூபாய்க்கு வாங்கிய மூன்று தமிழ்ப் புத்தகங்கள்: ஆண்டு, விலை, முத்திரை பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குழித்துறைக்காரி:

குழித்துறை ஸ்டேஷன்ல இருந்து திருவனந்தபுரத்துக்கு சீசன் டிக்கெட்டுல தினமும் போயிட்டு வாற கூட்டத்துல நானும் ஒருத்தி. லேப்ல வேலை. சனிக்கிழமை மத்தியானம் டியூட்டி முடிஞ்சா நேரா தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போகாம பாளையத்துக்கு நடந்திருவேன். அங்க பழைய புத்தகக் கடைகள் இருக்குல்லா, அதுக்குத்தான்.

கடையில முக்காவாசி அரசு வேலைப் பரீட்சைக்குள்ள பி.எஸ்.சி. கைடு, பிளஸ் டூ பாடப்புத்தகம், இஞ்சினியரிங். மிச்சம் மலையாளம். எனக்கு மலையாளம் நல்லா பேச வரும், வாசிக்க வராது. பஸ் போர்டைக்கூட எழுத்துக்கூட்டி வாசிக்கிறதில்ல, தூரத்துல வாற சொந்தக்காரங்கள நடையை வச்சு கண்டுபிடிக்கிற மாதிரிதான் கண்டுபிடிப்பேன். அதனால நான் தேடுறது எப்பவும் கடைக்குப் பின்னால, கீழ கிடக்கிற சாக்குல. தமிழ், இந்தி, கன்னடம் எல்லாம் ஒரே சாக்கு. கடைக்காரச் சேட்டன் கயிறை அவிழ்த்து விட்டுட்டு "நோக்கிக்கோ"ன்னு போயிருவார். நான் குத்தவச்சு உக்காந்து ஒண்ணொண்ணா எடுப்பேன். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் வாரம் பூரா வேலை பாக்கேன்னு வச்சுக்கிடுங்க.

போன சனிக்கிழமை மூணு கிடைச்சுது. ஒண்ணு 20 ரூபா. புத்தகத்தைப் புரட்டவே இல்ல, என் முகத்தைப் பார்த்து விலை சொன்னார். இதே ஆளு எனக்கு முன்னால நின்ன பையன்கிட்ட ஒரு கைடுக்கு பத்து ரூபா குறைக்க மாட்டேன்னு கால் மணி நேரம் மல்லுக்கட்டினார்.

முதல் புத்தகம், வாரப் பத்திரிகையில வந்த தொடர்கதையை யாரோ வெட்டி எடுத்து பைண்டு பண்ணினது. கோபுலு படம் இருக்கு. ரெண்டு அத்தியாயத்துக்கு நடுவுல பாதி தலைமுடித் தைலம் விளம்பரம், மிச்சப் பாதி பெண்ணைக் காணோம். ரெண்டாவது, மாஸ்கோவில அச்சான குழந்தைப் புத்தகம். மூணாவதுதான் எனக்கு உறக்கம் வராம பண்ணுது. நீதிக்கதை, அம்பது பக்கம்கூட இருக்காது, முன்னட்டை இல்ல. பின்னட்டையில "விலை சக்கரம் 7"ன்னு அச்சு. உள்ள மைப்பேனாவுல "1123 ஐப்பசி 12". பக்கத்துல ஊதா மையில வட்ட முத்திரை, மலையாளத்துல. படம் போட்டிருக்கேன்.

1123 கொல்லம் ஆண்டுன்னு அம்மா சொல்லுதா, ஆனா கணக்கு தெரியல. முத்திரை நூலகத்துக்குள்ளதா? அப்படின்னா இது திருட்டுப் புத்தகமா, நான் திருப்பிக் கொடுக்கணுமா?

இன்னொண்ணு. ரயில்ல புத்தகத்தை விரிச்ச உடனே வெள்ளி நிறத்துல ஒரு பூச்சி ஓடி பக்கத்து சீட்டு அக்கா மடியில விழுந்துட்டு. பாறசாலை வரைக்கும் அவங்க நின்னுக்கிட்டே வந்தாங்க. அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

ஆக்கர்கடை அப்புக்குட்டன்:

மக்களே, அருமையான வேட்டை. உனக்குக் கிடைச்ச நீதிக்கதையைப் பார்த்து எனக்கு வயிறு எரியுது, முதல்ல அதைச் சொல்லிருதேன்.

கணக்கு எளிசுதான். நம்ம பக்கம் கொல்லம் ஆண்டு ஆவணி ஒண்ணாம் தேதி பிறக்கும். ஆவணியில இருந்து டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரிக்கு மேல 825. உன் புத்தகத்துல ஐப்பசி, அப்போ 1123-ம் 824-ம் 1947. ஐப்பசி 12-ன்னா அக்டோபர் கடைசி. சுதந்திரம் வந்து ரெண்டரை மாசம். நீயும் நானும் இருக்கிற விளவங்கோடு தாலுகா அப்போ திருவிதாங்கூர்.

சக்கரம் திருவிதாங்கூர் காசு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபா. அப்போ ரூபாய்க்கு 28 சக்கரம், உன் புத்தகம் கால் ரூபா. பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும் கொடுக்கணும், அதனால நாலணாவுக்கு ஒரு மயிரிழை குறைவு. 1949-ல திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்ததோட அந்தக் காசுக்கும் காலம் முடிஞ்சுது. இனிமே சாக்குல கைவிடும்போது விலையை முதல்ல பாரு. அணா போட்டிருந்தா பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன்னால. "ந.பை."ன்னு, அதாவது நயா பைசான்னு இருந்தா அதுக்கும் 1964-க்கும் நடுவுல. முதல் பக்கம் கிழிஞ்சு போன புத்தகத்துக்கு இதுதான் ஜாதகம்.

முத்திரையைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். "கிரந்தசாலா"ன்னு தெளிவா இருக்கு. நூலகம்தான். 1945-ல அம்பலப்புழையில 47 நூலகம் ஒண்ணாச் சேர்ந்து கிரந்தசாலா சங்கம் தொடங்கின காலம், ஊர் ஊருக்கு வாசகசாலை முளைச்சுக்கிட்டு இருந்த நேரம். ஊர்ப் பேருல பாதி அழிஞ்சு போச்சு. கடைசியில "விளை"ன்னு மட்டும் இருக்கு. விளைன்னு முடியாத ஊரு நம்ம பக்கம் எத்தனை இருக்குன்னு நீயே எண்ணிக்க.

இனி என் சொந்தக் கதை. நான் முப்பது வருஷமா இதே சாக்கைத்தான் கிளறுதேன், ஆனா ரெண்டு பக்கமும். பாளையத்துல தமிழ்ப் புத்தகம் ஏன் சாக்குக்குள்ள கிடக்குன்னு நினைக்கே? கரமனை, வலியசாலை பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா உண்டு. வீட்டுல பாட்டி தொடர்கதையை வெட்டி பைண்டு பண்ணி வைப்பா. பேரன் படிச்சது மலையாளமும் இங்கிலீஷும். பாட்டி போனா அலமாரி காலி. மார்த்தாண்டத்துல இதே கதை தலைகீழ். எங்க அப்பா காலத்துல இங்க பள்ளிக்கூடத்துல மலையாளம் படிச்சவங்க ஏராளம். 1956 நவம்பர் 1-ல நம்ம நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோட சேர்ந்துது. அடுத்த தலைமுறை தமிழ் படிச்சுது. அப்பா அலமாரியில இருந்த மலையாளப் புத்தகத்தை மக்க வாசிக்க முடியல. நேரா ஆக்கர் கடை, அதான் பழைய சாமான் கடை, தராசு, கிலோ கணக்கு. பழைய பிளாஸ்டிக் வாளிக்கும் ஈயப் பாத்திரத்துக்கும் நடுவுல கோட்டயத்துல அச்சடிச்ச நாவல் கிடக்கும்.

அதை நான் எடைக்கு வாங்கி, சாக்குல கட்டி, பஸ்ஸுல பாளையம் கொண்டுபோய், அங்கத்த தமிழ்ப் புத்தகத்துக்கு மாத்திக்கிடுவேன். காசு கைமாறாது. ஒருதடவை வழியில பரிசோதனைக்கு நின்னவங்க சாக்கை அவிழ்த்துக் காட்டச் சொன்னாங்க, ரேஷன் அரிசின்னு நினைச்சிருப்பாங்க. புத்தகத்தைப் பார்த்ததும் அதுல ஒருத்தர் ஒண்ணை உருவி எடுத்து, "இது எனக்கு வேணும்"னார். கொடுத்துட்டேன். என் வாழ்க்கையில நான் கொடுத்த ஒரே லஞ்சம் ஒரு மலையாளக் கவிதைப் புத்தகம்.

பேரத்துக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். வேணும்கிற புத்தகத்தை மோந்து பார்க்காதே. மோந்து பார்த்தா விலை ஏறிரும். வேண்டாத ரெண்டை மேல வச்சு, வேணும்கிறதை நடுவுல வச்சு நீட்டணும்.

காசு கொடுக்கிறதுக்கு முன்னால பாரம் எண்ணணும். பாரம்னா ஒரே பெரிய தாள்ல அச்சடிச்சு மடிச்ச பக்கக் கட்டு. பழைய புத்தகம் பெரும்பாலும் 16 பக்கம் ஒரு பாரம். பாரம் தொடங்குற பக்கத்துல, அடியில, குட்டியா ஒரு எண் இருக்கும். 1, 2, 3-ன்னு அது தொடர்ச்சியா வருதான்னு பாரு. நான் ஒரு துப்பறியும் நாவல் வாங்கி, ராத்திரி ரெண்டு மணிக்கு 176-வது பக்கத்துக்கு வந்தா அடுத்தது 193. கொலைகாரன் அந்த ஒரு பாரத்துக்குள்ள மாட்டிக்கிட்டான். 193-ல எல்லாரும் காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காங்க. இன்னைக்கு வரைக்கும் எவன்னு தெரியாது.

செங்கோட்டை மேற்கு:

அப்புக்குட்டன் அண்ணாச்சி சொன்ன கணக்கெல்லாம் சரி. எங்க செங்கோட்டையும் 1956 வரைக்கும் அந்தப் பக்கம்தான், எங்க வீட்டுப் பத்திரம் எல்லாம் கொல்லம் ஆண்டுதான். ஆனா அந்த "நடுவுல வச்சு நீட்டணும்" சமாச்சாரம் எனக்கு ஒப்பல. விக்கிறவருக்கு அந்தப் பாஷை தெரியாது, உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கிட்ட இருந்து 20 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்து இங்க படம் போட்டுப் பெருமைப்படுறோம். கைடு வாங்கின பையன் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டினதாவது நேருக்கு நேர். நம்மளுது?

தங்கச்சி, அந்த நூலகம் இன்னும் இருந்தா திருப்பிக் கொடுத்துருங்க. கழிச்சுக்கட்டின புத்தகம்னா நீக்கின முத்திரை இருக்கும், இல்லைன்னா வரிசை எண்ணை அடிச்சிருப்பாங்க. உங்க படத்துல ரெண்டும் இல்ல.

ஆக்கர்கடை அப்புக்குட்டன்:

தம்பி, நீங்க சொல்றது நியாயமாத்தான் படுது, ஆனா முழுசா ஒத்துக்க மாட்டேன். அந்தக் கடைக்காரர் தமிழ்ச் சாக்கை எந்த விலைக்கும் வாங்குறதில்ல. வீடு காலி பண்ணும்போது மொத்தமா எடுத்தா கூட வாறது அது. ரெண்டு மழைக்காலம் பார்ப்பார், போகலைன்னா காகித ஆலைக்குப் போகும். அப்படிப் போன சாக்குகளை நான் பார்த்திருக்கேன். தடுத்திருக்கலாம், கையில காசு இல்ல.

ஆனா ஒருதடவை நீங்க சொன்ன மாதிரி நடந்துக்கிட்டேன். ஒரு பழைய ஜோசியப் புத்தகம், இது அபூர்வம், நல்ல விலை போகும்னு அவர்கிட்ட நானே சொன்னேன். அவர் சந்தோஷமா ஐநூறு சொன்னார். வாங்க முடியாம திரும்பி வந்தேன். மூணு வருஷம் அது அங்கேயே கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்து, கரையான் தின்னுட்டு. இப்ப நீங்களே சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

நான் பாலக்காட்டுப் பக்கம். தமிழ் மீடியத்துல படிச்சவன். எங்களுக்குப் பாளையம் எல்லாம் தூரம், கோயம்புத்தூர் உக்கடம்தான் பக்கம். அங்க பழைய புத்தகக் கடையில தமிழ் முன்னால இருக்கும், மலையாளம் சாக்குல இருக்கும். அண்ணன் சொன்னது ஆளைத் திருப்பி நிறுத்தின மாதிரி அப்படியே சரி.

மாஸ்கோ புத்தகம் பத்தி யாரும் பேசலியே. முன்னேற்றப் பதிப்பகமா, ராதுகாவா? பின்பக்கம் பாருங்க, இருக்கும். நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியா நம்ம பக்கம் வந்துட்டிருந்தது. 1991-ல சோவியத் உடைஞ்சதும் வரத்து நின்னு போச்சு. அந்த விலைக்கு அவ்வளவு நல்ல தாளும் நூல் தையலும் கலர் படமும் அப்ப வேற எங்க கிடைச்சது? நான் ஆறாங்கிளாஸ் படிக்கும்போது பனியே பார்க்காத ஊர்ல உக்காந்துக்கிட்டு பனிச்சறுக்கு வண்டி படம் வரைஞ்சு தள்ளினேன். எங்க அய்யா பார்த்துட்டு "இதென்னடா சக்கரம் இல்லாத வண்டி, மாடு எப்படி இழுக்கும்"னார்.

அந்தத் தொடர்கதை பைண்டிங் மஞ்சள் அடிச்சு மொறுமொறுன்னு இருக்குமே? அது மரக்கூழ்த் தாள். அதுல இருக்கிற லிக்னின் வெளிச்சமும் காத்தும் பட்டு மஞ்சளாகும், தாள்ல இருக்கிற அமிலம் நாளாக நாளாக ஒடிக்கும். ஒண்ணும் பண்ண முடியாது, மடிக்காம வெச்சுக்கங்க. துருப்பிடிச்ச பின் இருந்தா மட்டும் மெதுவா எடுத்துருங்க.

பூச்சிக்கு: அது ராமபாணம். மலையாளத்துல இரட்டைவாலன். புத்தகத்தை பாலித்தீன் கவர்ல போட்டு காத்துப் புகாம ஒட்டி, ஃப்ரீசர்ல ஒரு வாரம் வைங்க. எடுத்த உடனே பிரிக்காதீங்க, கவரோடவே ஒரு நாள் வெளிய வெச்சு, குளிர் போனதும் பிரிங்க, இல்லைன்னா ஈரம் கோத்துக்கும். மீன் வெச்ச ஃப்ரீசரா இருந்தா ரெண்டு கவர் போடுங்க. அனுபவத்துல சொல்றேன்.

குழித்துறைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. மாஸ்கோ புத்தகம் ராதுகா. மூணும் இப்ப ஃப்ரீசர்ல, நெத்திலிக்கும் ஐஸ் டிரேக்கும் நடுவுல. அம்மா நேத்து கறிக்கு மீன் எடுக்கப் போய் நீதிக்கதையை எடுத்துட்டா.

செங்கோட்டை அண்ணன் சொன்னது மனசுல கிடந்து குடைஞ்சுது. இன்னைக்கு சனிக்கிழமைல்லா, சேட்டன்கிட்ட போய், அந்தப் புத்தகம் 1947, திருவிதாங்கூர் காலத்துப் புத்தகம், 20 ரூபா குறைவுன்னு மலையாளத்துல சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் அம்பது ரூபா கூடக் கேட்டார். கொடுத்தேன். கொடுத்ததும் பாதியைத் திருப்பித் தந்துட்டு, உள்ள போய் இன்னொரு சாக்கை இழுத்துட்டு வந்து போட்டார். இது இதுவரைக்கும் எனக்குக் காட்டாத சாக்கு! அதுல என்ன இருந்துதுன்னு தனியா எழுதுதேன். மாமா, நீங்க வயிறு எரிய வேண்டாம், ரெண்டு உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன். துப்பறியும் நாவல் இல்ல.

புத்தகம் எங்க இருந்து வந்துதுன்னும் கேட்டேன். ஞாபகம் இல்லைன்னுட்டார்.

முத்திரை விஷயம் விடுறதா இல்ல. விளைன்னு முடியுற ஊரெல்லாம் சொல்லுன்னு அம்மாகிட்ட கேட்டேன். பீடி சுத்துற மாதிரி விரலை மடக்கி மடக்கி பதினெட்டு சொல்லிட்டு, "இன்னும் வேணுமா"ன்னு கேக்கா. உங்க ஊருல 1947-ல வாசகசாலை இருந்ததாத் தெரிஞ்சா யாராவது சொல்லுங்க. பஸ் போற ஊருன்னா ஞாயித்துக்கிழமை வாறேன்.

ரப்பர்த்தோட்டம்:

எங்க ஊரும் விளைதான். தாத்தா காலத்துல வாசகசாலை ஒண்ணு இருந்துதாம். அதே கட்டடத்துலதான் இப்ப ரேஷன் கடை. முன்சுவர்ல சுண்ணாம்புக்கு அடியில மலையாள எழுத்து லேசா தெரியும், எனக்கும் வாசிக்கத் தெரியாது. படம் எடுத்துப் போடுதேன். ரெண்டு நாளா விடாத மழை, சுவரு நனைஞ்சிருக்கு. கொஞ்சம் வெயில் அடிக்கட்டும்.